நாட்டார் வீட்டு நாற்காலி

உதவித்தொகை கேட்டு எழுதிய பிள்ளையின் வீட்டுக்கு அலுவலகத்திலிருந்து ஆள் போய்ப் பார்க்கும் வழக்கம் இனிமேல் கிடையாதாம். வருமானச் சான்று ஒன்று இணைத்தால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞர் போன வாரம் வீடு தேடி வந்து இதைச் சொன்னார். "நல்லதாப் போச்சு சார். வெயில்ல சைக்கிள் மிதிக்கிற வேலை மிச்சம்" என்றார். நானும் சிரித்து வைத்தேன். அவர் போன பிறகு அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. நல்லதா கெட்டதா என்று எனக்கே பிடிபடவில்லை. நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டைப் பற்றி எழுதிப் பார்த்தால் தெரியலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம் என்று வந்தபோது எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். வயது நாற்பத்தொன்பது. வீட்டில் மகள் மார்த்தாவுக்குப் பதினாலு நடக்கிறது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரப் பத்து நிமிடம் தாமதமானால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுகிறேன். "கலியாணம் ஆன பொறவும் இப்படித்தான் நிப்பீங்களா?" என்று என் மனைவி கேலி செய்கிறாள். அவளுக்கு விளக்க முடியாது. இருபத்தெட்டு வருடம் என் மேசைக்கு வந்த தாள்களில் பாதி, பதினாலு வயதுப் பிள்ளைகளுடையவை. அந்த வயதில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு சத்தமில்லாமல் நழுவிவிடும் என்பதைப் பார்த்தவன் நான்.

வேலை கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. உறை ஒட்டினேன், நகல் எழுதினேன், பதிவேட்டில் கோடு போட்டேன். பிறகு பூர்ஸ் பிரிவில் போட்டார்கள். பூர்ஸ் என்றால் உதவித்தொகை. புதுச்சேரியில் இன்றைக்கும் அந்தப் பேர்தான். கொடி மாறி இந்திய நிர்வாகம் வந்த பிறகும் அந்தப் பிரிவு அதே அறையில், அதே பெரிய மேசையோடு, பழைய விதிகளோடு நடந்தது.

பள்ளிக்கூடத்துக்குத்தான் சம்பளம் கட்ட வேண்டியதில்லையே, பிறகு எதற்கு உதவித்தொகை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பத்து வயதில் பிள்ளை படித்தால் வீட்டுக்கு நஷ்டம் இல்லை. பதினாலு வயதில் படித்தால் உண்டு. அந்த வயதில் அது ஒரு ஆள். தறிக்குப் போகும், நாற்று நடும், சின்னதுகளைப் பார்த்துக்கொள்ளும். அந்த ஆள் வீட்டுக்குக் கொண்டுவரும் கூலிக்கு ஈடாக ஒரு தொகையைக் கொடுத்து, இன்னும் நாலு வருடம் இந்தப் பிள்ளையை எங்களிடம் விட்டு வையுங்கள் என்று அரசாங்கம் பெற்றவர்களிடம் கேட்பதுதான் பூர்ஸ். நாலு வருடம் முடிந்தால் பிரெவே என்ற பரீட்சை. அதில் தேறினால் ஆசிரியர் வேலை, அலுவலக வேலை. எல்லாருக்கும் கொடுக்கப் பணம் கிடையாது. இல்லாத வீடு எது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பார்க்கிற வேலை என்னுடையது.

ஒரு விண்ணப்பத்தில் ஐந்து தாள் இருக்கும். தகப்பன் கையெழுத்தோ கைநாட்டோ போட்ட மனு. பள்ளிக்கூடம் கொடுத்த மதிப்பெண். மேரியிலிருந்து, அதாவது நகராட்சியிலிருந்து, குடும்பத்தில் எத்தனை பேர் என்ற தாள். இது கண்ணியமான குடும்பம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதிய சான்று. கடைசியாக என் வீட்டுப் பார்வை. நான் எந்த நாளில் வருகிறேன் என்று ஒரு வாரம் முன்பே கடிதம் போய்விடும். என் மேலதிகாரி மொசியே லெயோன் அதில் கண்டிப்பு. "சொல்லாம அடுத்தவங்க வூட்ல நுழையறதுக்கு நாம போலீசு இல்ல" என்பார்.

மொசியே லெயோன் எங்கள் ஊர்க்காரர்தான். பாட்டன் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய குடும்பம். காலரில் ஒரு சுருக்கம் இருக்காது. மனுவோடு யார் வந்தாலும், மேல்துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கும் கூலிக்காரர் வந்தாலும், எழுந்து நின்று "வாங்க, உக்காருங்க" என்பார். அவர்கள் உட்கார மாட்டார்கள். அவரும் உட்கார மாட்டார். இரண்டு பேரும் நின்றுகொண்டே பேசி முடிப்பார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சரி என்று போகும் கோப்புகளை மளமளவென்று கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிடுவார். மறுக்கிற கோப்பு வந்தால் பேனாவைக் கீழே வைப்பார். நான் எழுந்து நின்று பிள்ளையின் பெயர், வயது, கடைசிப் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண் மூன்றையும் உரக்கப் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் பார்ப்பார். வீட்டுப் பார்வையில் நான் எழுதியதிலிருந்து ஒன்றிரண்டு கேள்வி கேட்பார். பிறகுதான் பேனா.

"நான் போய்ப் பாக்கல. நீங்க பாத்தீங்க. உங்க கண்ணுக்குத்தான் நான் கையெழுத்துப் போடறேன்" என்பார். முதல் வருடம் எனக்கு அது பெருமையாக இருந்தது.

என் கண் பழகியது இன்னொரு திசையில். உதவித்தொகை கேட்பவர்கள் இருப்பதை ஒளிப்பார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒளிக்கவும் செய்தார்கள். தவளக்குப்பத்துப் பக்கம் ஒரு வீட்டில், "மாடா? மாட்டைக் கண்ணால பாத்தே வருசம் ஆச்சுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மச்சான் வீட்டுக்கு ஓட்டிவிட்ட பசுவின் கன்று அறுத்துக்கொண்டு ஓடிவந்து அவர் வேட்டியை நக்கியது. அவர் அதைத் திரும்பியும் பார்க்காமல், "இது யாருதுன்னே தெரியல, அடிக்கடி வந்துடுது" என்றார். அலுவலகத்தில் ஒரு மாதம் சிரித்தோம். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் புழக்கடையில் சாணம் இருக்கிறதா, கூரையில் புதுக் கீற்று இருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

கொடி மாறி இரண்டாவது வருடம் என்று நினைக்கிறேன். வைத்திக்குப்பத்திலிருந்து ஒரு மனு வந்தது. நகரத்துக்குள்ளேயே, கடலை ஒட்டிய மீனவர் குப்பம் அது. தகப்பன் பெயர் கோவிந்தன். கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். தாய் அஞ்சலை மீன் விற்கிறவர். பெண்ணின் பெயர் பூங்காவனம், பதினாலு வயது. அந்தக் குப்பத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை ஆரம்பப் பள்ளிப் பரீட்சையைத் தாண்டி மேலே மனுப் போட்டது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. மதிப்பெண் மிக நன்றாக இருந்தது.

குறித்த நாளில் காலை பத்து மணிக்குப் போனேன். வாசல் மணலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, பொங்கலுக்குப் போடுவது போலப் பெரிய கோலம் போட்டிருந்தார்கள். சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தடுமாறினேன். கீற்று வீடுதான். ஆனால் உள்ளே இரண்டு நாற்காலி, பிரம்பு பின்னியவை. ஒன்றின் கை உடைந்து, வலை பின்னுகிற நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. சுவரில் கடிகாரம் ஓடியது. புளி போட்டுத் துலக்கிய பித்தளை அண்டா வெளிச்சத்தில் மின்னியது. கோவிந்தன் மடிப்புத் தெரியும் வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, மூச்சுமுட்ட நின்றார். பெண் கழுத்தில் தங்கச் சங்கிலி.

"உக்காருங்கய்யா" என்று அஞ்சலை நாற்காலியை முந்தானையால் துடைத்தார். உட்கார்ந்ததும் ஒரு பாட்டில் கலர் வந்தது.

என் கேள்விகளைக் கேட்டேன். கடல் வருமானம் எப்படி?

"ஒரு கொறையும் இல்லீங்க. கடலம்மா படியளக்குறா" என்றார் கோவிந்தன்.

"பொண்ணு இன்னும் நாலு வருசம் படிச்சா வூட்டுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"இன்னாங்க இப்படிக் கேட்டுட்டீங்க? நாங்க பெத்த பொண்ண நாங்க பட்டினி போட்டுடுவமா?"

பூங்காவனம் சங்கிலியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன். நான் எழுதிக்கொண்டிருந்தபோது "மொசியே..." என்று ஆரம்பித்தாள். அஞ்சலை திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் கலர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி, "குடிங்க" என்றாள்.

எனக்கு அந்த வீடு பிடித்துப் போய்விட்டது. கன்றுக்குட்டியை ஒளிக்கிறவர்களையே பார்த்துச் சலித்தவனுக்கு, இருப்பதை இருக்கிறது என்று காட்டுகிற குடும்பம். திரும்பி வந்து மனமாரவே எழுதினேன்: ஒளிவு மறைவு இல்லாதவர்கள், கண்ணியமானவர்கள், நாற்காலி, கடிகாரம், பித்தளைப் பாத்திரம், மகளுக்கு நகை உண்டு, உதவி இல்லாமலே படிக்க வைக்கக் கூடியவர்கள்.

மறுக்கும் கோப்பாயிற்றே, நான் எழுந்து நின்று படித்தேன். மொசியே லெயோன் மதிப்பெண்ணை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

"நாற்காலி இருந்துதா?"

"ரெண்டு இருந்துது மொசியே."

"உக்காந்தீங்களா?"

"உக்காந்தேன்."

"அந்த அம்மா எங்க உக்காந்தாங்க?"

யோசித்தேன். "அவுங்க உக்காரலை. யாரும் உக்காரலை" என்றேன்.

அவர் சன்னல் பக்கம் வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

நாலு மாதம் கழித்து அதே குப்பத்தில் வேறொரு வீட்டுக்குப் போனேன். வேறு வகைச் சிறு உதவி ஒன்றுக்காக மனுப் போட்டிருந்த ஒரு விதவையின் வீடு. வாசலில் பெரிய கோலம். உள்ளே போனால் இரண்டு பிரம்பு நாற்காலி. ஒன்றின் கையில் வலைநூல் கட்டு. அதன் மேல் என் கையை வைத்ததும் விரலுக்கு அந்த முடிச்சு தெரிந்துவிட்டது.

"இது உங்க நாற்காலியாம்மா?"

அந்த அம்மாவுக்கு மறைக்கத் தெரியவில்லை, சிரித்துவிட்டார். "நாங்க எங்கய்யா போவோம் நாற்காலிக்கு? நாட்டார் வூட்டுது. குப்பத்துல யார் வூட்டுக்கு ஆபீசர் வந்தாலும் இதான் வரும். பயப்படாம உக்காருங்க, நல்லாத் தாங்கும்." நாட்டார் என்பவர் குப்பத்துத் தலைவர்.

"கோவிந்தன் வூட்ல போட்டிருந்தது?"

"அதுவும் இதான். கடிகாரமும் அவுரு வூட்டுது. அந்தப் பொண்ணு போட்டிருந்த செயினு எங்க நாத்தனாருது. உப்புத் தண்ணி படாம திருப்பிக் குடுடின்னு சொல்லித்தான் குடுத்துச்சு."

"எதுக்கும்மா இதெல்லாம்? நான் இல்லாதவங்களுக்கு உதவி பண்ணத்தானே வர்றேன்?"

அவர் என்னை விவரம் தெரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கண்ணியமான குடும்பம்னு நாட்டார்கிட்ட எழுதி வாங்கியாரச் சொன்னது நீங்கதானே? ஒரு வாரம் முன்னாடி சேதி சொல்லிட்டு, பொண்ணு பாக்க வர்றாப்பல வர்றதும் நீங்கதானே? ஒண்ணும் இல்லாத வூட்ட நம்பி சர்க்கார் எப்படிய்யா மாசா மாசம் பணம் குடுக்கும்?"

அவர் சொன்னதில் தவறே இல்லை. கடன் கொடுப்பவரும் சம்பந்தம் பேச வருபவரும் இருக்கிற வீட்டைத்தான் நம்புவார்கள். அவர்கள் வாழ்க்கையில் வேறு எந்த ஆளும் இல்லாததைப் பார்த்துக் கொடுக்க வீடு தேடி வந்ததே இல்லை. கண்ணியத்துக்குச் சான்று கேட்டது எங்கள் தாள். அவர்கள் அதைக் காட்டினார்கள். நான் அதைச் சொத்து என்று எழுதினேன்.

அந்த வீட்டிலிருந்து நேராக மொசியே லெயோனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினோரு நாள் சொல்லவில்லை.

காரணம் இருந்தது. பழைய ஊழியர்களில் யாரை என்ன பதவியில் வைப்பது என்று ஒவ்வொருவருடைய கோப்பையும் புது நிர்வாகம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. நான் பொய்யாக எழுதவில்லை. ஆனாலும், நான் பார்த்தது தவறு என்று நானே சொன்னால் அது தாளில் ஏறும். மார்த்தாவுக்கு அப்போது எட்டு வயது, மழைக்காலம் வந்தால் இழுப்பு வரும், மருத்துவச் செலவு. அடுத்த வருடம் பூங்காவனத்தை மறுபடி மனுப் போடச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வருடம் அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். அந்த விதியைப் பதிவேட்டில் அழகான கையெழுத்தில் எழுதியவனே நான்தான்.

இதற்கிடையில் ஒரு பூர்ஸ் காலியாகியிருந்தது. அதை வாங்கிக்கொண்டிருந்த பெண்ணின் குடும்பம் தகப்பனோடு பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டது. அந்தப் பருவம் முடிவதற்குள் வேறொரு பெண்ணுக்குக் கொடுக்காவிட்டால் அந்த இடம் அந்த வருடத்துக்கு ரத்தாகும். அந்தத் தாளும் என் மேசையில்தான் இருந்தது. தினமும் அதை ஒரு கோப்புக்கு அடியிலிருந்து எடுத்து இன்னொரு கோப்புக்கு அடியில் வைத்தேன்.

பதினோராம் நாள் காலை, பெரிய மார்க்கெட் பக்கம் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மீன்கூடையோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். வரிசையின் கடைசியில் ஒரு சின்னப் பெண். கூடையிலிருந்து வழிந்த தண்ணீர் அவள் காது வழியாக ஓடியது. கூடைக்கும் தலைக்கும் நடுவே சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்தது பள்ளிக்கூடத்து நீலப் பாவாடை.

என்னைப் பார்த்தாள். கூடை இருந்ததால் தலையை அசைக்க முடியவில்லை. அப்படியே நின்று, வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி நிறுத்தி, சுத்தமாக, "போன்ழூர், மொசியே" என்றாள். அந்தக் குரலில் கோபம் கிடையாது. குறை சொல்லும் தொனிகூட இல்லை. பெரியவரைப் பார்த்தால் வணக்கம் சொல்ல வேண்டும், சொன்னாள். "ஏ, வாடி" என்று முன்னாலிருந்து அஞ்சலை கூப்பிட, நடந்துவிட்டாள்.

நான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டேதான் அலுவலகம் போனேன்.

மொசியே லெயோன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, கடிகாரம், சங்கிலி, பதினோரு நாள். முடிந்ததும் அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் குடுங்க."

"நீங்களே கோப்பத் திருப்பி எடுத்து..."

"நான் உங்க கண்ணுக்குக் கையெழுத்துப் போட்டவன். அந்தக் கண்ணு தப்புன்னு நீங்கதான் எழுதணும்."

"எழுதினா என் கோப்புல போயிடுமே மொசியே?"

"போவும்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேறு குரலில் கேட்டார்: "உங்களுக்குப் பொண்ணு இருக்குல்ல? என்னா வயசு?"

"எட்டு."

"அப்போ இன்னும் ஆறு வருசம் இருக்குது" என்றார்.

உட்கார்ந்து எழுதினேன். ஒரு தாளைக் கிழித்துவிட்டு இன்னொன்று எடுத்தேன். நாள் கடத்தியதையும் எழுதினேன். அவர் படித்தார். என் கையெழுத்துக்குக் கீழே, அவருடைய சாய்வான எழுத்தில் இரண்டு வரி சேர்த்தார். வருகையை முன்கூட்டியே அறிவிப்பதும், கண்ணியச் சான்று கேட்பதும் இந்த அலுவலகத்தின் ஏற்பாடு, அதனால் விளைந்த பிழையில் தமக்கும் பங்கு உண்டு என்று. கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்போ ரெண்டு பேரு கோப்புலயும் போவும்" என்று எழுந்து கண்ணாடியைத் துடைத்தார். காலி இடம் ரத்தாவதற்கு இரண்டு நாள் பாக்கி இருந்தது.

தலைமைக் குமாஸ்தா பதவி பிறகு எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குப் போயிற்று. அந்தத் தாளால்தானா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது என்னைப் பெரிதாக வருத்தவில்லை. வருத்துவது வேறு. அந்த வாரம் பழைய மறுப்புக் கோப்புகளை எடுத்துப் புரட்டினேன். கடலோரக் குப்பங்களிலிருந்து வந்த வேறு சில கோப்புகளிலும் என் கையெழுத்திலேயே 'நாற்காலி இரண்டு' என்று இருந்தது. விசாரித்துப் போனேன். ஒரு பெண்ணுக்குக் கலியாணம் ஆகிவிட்டது. ஒரு குடும்பம் ஊரிலேயே இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டது. அந்தப் பெயர்களை நான் மொசியே லெயோன் முன்னால் நின்று உரக்கப் படித்திருக்கிறேன். இப்போதும் மார்த்தாவுக்காகத் தெருமுனையில் நிற்கும்போது சில சமயம் அவை வாயில் வந்துவிடுகின்றன.

பூங்காவனம் நாலு வருடத்தில் பிரெவே தேறினாள். இப்போது பிள்ளைச்சாவடியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அதை என் சாதனை போலச் சிலர் சொல்வார்கள். இல்லை. அதற்கு நான் பார்த்த சாட்சி ஒன்று உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

காலி இடத்தைப் பூங்காவனத்துக்குக் கொடுத்த உத்தரவுக் கடிதத்தைச் சேவகனிடம் கொடுக்காமல் நானே கொண்டு போனேன். முன்கூட்டிச் சொல்லாமல் போனேன், அந்த ஒரு தடவை. மதியம் தாண்டிய நேரம். கோவிந்தன் மணலில் உட்கார்ந்து கால்விரலில் வலையை மாட்டி இழுத்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலை நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் பதறி எழுந்தார்கள். அஞ்சலையின் கண் நாட்டார் வீட்டுப் பக்கம் ஓடியது. நான் சட்டென்று மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

கடிதத்தைப் பூங்காவனத்திடம் கொடுத்தேன். பிரெஞ்சில் இருந்ததை முதலில் வாய்க்குள் படித்தாள். அப்புறம் தமிழில் சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூடம் வர வேண்டும். பணம் பருவத்துக்கு ஒருமுறை, பருவம் முடிந்த பிறகு வரும்.

"அப்டீன்னா எப்போ?" என்று கேட்டார் அஞ்சலை.

"மூணு மாசம் கழிச்சு" என்றேன். அது விதி. அதை மொசியே லெயோனாலும் மாற்ற முடியாது.

அஞ்சலை நெத்திலியை விட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்தார். "மீனு ரெண்டு கூடை வருதுய்யா. ஒண்ண நான் தூக்குறேன், ஒண்ண இவ தூக்குறா. ரெண்டாவது கூடை மார்க்கெட்டுக்குப் போவலன்னா இங்கயே கரையில வந்து கேக்குறவன் சொன்ன வெலைக்குப் போட்டுடணும். இன்னொரு ஆளுக்குக் கூலி குடுத்தா மிஞ்சுறது ஒண்ணும் இல்ல. எனக்கு ஒரு தலதானேய்யா இருக்குது?"

பூங்காவனம் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். என் கை என் சட்டைப்பைக்குப் போனது.

"வேணாங்க" என்றார் கோவிந்தன். காலிலிருந்து வலையைக் கழற்றி வைத்தார். "கூடைய நான் தூக்குறேன்."

அஞ்சலை சிரித்துவிட்டார். பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் புரிந்தது. அந்தக் குப்பத்தில் மீன் கரைக்கு வரும்வரைதான் ஆண்களுடைய வேலை. கரையிலிருந்து மார்க்கெட் வரைக்கும் பெண்கள். ஆண்பிள்ளை மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருவில் நடந்து யாரும் பார்த்ததில்லை. கடலில் சுறாவைப் பிடித்தவன்கூட அந்தக் கூடையைத் தொட மாட்டான்.

"நீயா? உன்னப் பாத்து கூடையில இருக்கற மீனே சிரிக்கும்யா."

"சிரிச்சிட்டுப் போவுது. செத்த மீனுதானே."

"நாட்டார் கூப்பிட்டு வெச்சுக் கேப்பாரு."

"கேக்கட்டும்" என்றார் கோவிந்தன். மறுபடி வலையை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மீன் வாங்குகிறவன் போலப் பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட் தெருவுக்குப் போனேன். கூடைக்காரப் பெண்கள் வந்தார்கள். அஞ்சலை வந்தார், நேராகப் பார்த்துக்கொண்டு, யாரோ எவரோ போல வேகமாக. பத்தடி பின்னால் கோவிந்தன். பெண்கள் கையை வீசி நடப்பார்கள். அவருக்குக் கூடையை விடப் பயம், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கழுத்து விறைத்திருந்தது. மீன் தண்ணீர் முகத்திலும் நெஞ்சிலும் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. தெரு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு கடைப்பையன் கூடவே நாலு எட்டு நடந்து காட்டினான்.

சைக்கிள் கடை வாசலில் இருந்த ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். "இன்னா மாமா, அத்தை உன்ன விக்கவா கொண்டாந்துச்சு? வெலை இன்னா?" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது.

கோவிந்தன் நின்றார். தலையைத் திருப்ப முடியாததால், கூடையோடு உடம்பையே மெதுவாகச் சுற்றி, குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"எம் பொண்ணு பள்ளிக்கூடம் போயிருக்குதுடா" என்றார்.

வழி கேட்டவனுக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னார். பிறகு அதே போல மெதுவாக மார்க்கெட் பக்கம் திரும்பி, முன்னால் போய்விட்ட அஞ்சலையைப் பிடிக்கக் கொஞ்சம் எட்டி நடந்தார்.